கேப்டனை இடம் மாற்றிய வருடம்

அந்த வருடம் முழுவதும் எனக்குத் தூக்கம் போதவில்லை. கணவருக்கு நியூஜெர்சியில் இருந்த வேலை போய்விட்டது. டெக்சஸில், இர்விங்கில் வேறொன்று கிடைத்தது. அவர் அங்கே ஒரு சின்ன அபார்ட்மெண்டில் தனியாக. நான் ஈஸ்ட் பிரன்ஸ்விக் வீட்டில், பள்ளிக் கடைசி வருடம் படிக்கும் மகளோடு. வீட்டை விற்றுவிட்டு எல்லோரும் அங்கேயே போய்விடலாமா என்று எங்களில் ஒருவர் ஆரம்பிப்பார். மற்றவர் "அப்புறம் பேசலாம்" என்று முடித்துவிடுவார். மாதங்கள் அப்படியே போயின.

நான் சிவில் இன்ஜினியர். கட்டடம் கட்டுவது என் வேலை இல்லை. கட்டடம் வருவதற்கு முன்னால் நிலத்தைத் தயார் செய்வதுதான் வேலை. மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், லாரி எங்கே திரும்பும், எந்த மேட்டை வெட்டி எந்தப் பள்ளத்தை நிரப்புவது என்று பார்க்க வேண்டும். மத்திய ஜெர்சியில் சோயாவும் சோளமும் விளைந்த எத்தனையோ வயல்கள் கிடங்குகளாக மாறியதில் என் கையும் உண்டு. அதில் எனக்குப் பெருமையும் இல்லை, பெரிய வருத்தமும் இல்லை. காலையில் பூட்ஸ் போட்டுக்கொண்டு போவேன், மாலையில் சேறோடு வருவேன்.

அப்போது வந்த ப்ராஜெக்ட்டும் ஒரு கிடங்குதான். நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் மிச்சமிருந்த கடைசிப் பண்ணை. அதன் நடுவில், கறுப்பு வால்நட் மரங்களுக்கு அடியில், இடுப்பளவு கல்சுவர் சுற்றிய ஒரு குடும்ப மயானம் இருந்தது. சிவந்த மணற்கல்லில் செதுக்கிய சில கல்லறைக் கற்கள். மற்றவற்றைவிட ஒரு கல் உயரமாக இருந்தது. உச்சியில் இறக்கை முளைத்த ஒரு முகம், மூக்கு உதிர்ந்துவிட்டிருந்தது. அதற்குக் கீழே படுத்திருந்தவர், இந்த நாடு இங்கிலாந்து ராஜாவின் கையில் இருந்த காலத்துச் சிப்பாய். பிறகு கேப்டன். அந்த வட்டாரத்து நிலமெல்லாம் ஒரு காலத்தில் அவருடையது. அவரையும் அவர் குடும்பத்தையும் எடுத்து, ஊருக்குள் இருக்கும் சர்ச் மயானத்தில் மறுபடி புதைக்க கோர்ட் அனுமதி வாங்கியிருந்தார்கள். வேலை முடியும்வரை கூடவே நின்று பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு வந்தது.

கணவரிடம் போனில் சொன்னேன்.

"என்னது, கிரேவ்யார்டா? வேற ப்ராஜெக்டே இல்லையா உங்க ஆபீஸ்ல?"

"நானா கேட்டு வாங்கினேன்? குடுத்தாங்க, பண்றேன்."

"சரி சரி. டெய்லி வீட்டுக்கு வந்ததும் நேரா பாத்ரூம் போயிடு. தலைக்குக் குளிச்சிட்டு அப்புறம் கிச்சனுக்குள்ள போ."

"அங்க உட்கார்ந்துக்கிட்டு எனக்கு ரூல்ஸ் போடுங்க நீங்க."

ஆனால் குளித்தேன். மகள் சோபாவிலிருந்து பார்த்துவிட்டு, "அம்மா, திஸ் இஸ் ஸோ வியர்ட்," என்று சொல்லிவிட்டுத் தன் லேப்டாப்புக்குத் திரும்பினாள்.

பண்ணையை விற்றவர் அந்தக் கேப்டனின் வம்சத்தில் கடைசியாக அங்கே மிஞ்சியவர். எண்பதைத் தாண்டிய கிழவர், மனைவியை இழந்தவர். உயரமாக இருந்தவர் முன்பக்கமாக வளைந்துவிட்டிருந்தார். வேலை தொடங்கிய நாளன்றே மடக்கு நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து வால்நட் மரத்தடியில் போட்டுக்கொண்டார். எதற்கும் தடை சொல்லவில்லை. எங்கள் பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான். இங்கே என் தமிழில் எழுதுகிறேன்.

"சின்ன வயசிலேர்ந்து இவருக்குப் புல் வெட்டிக்கிட்டிருக்கேன்," என்றார் என்னிடம். "எங்கப்பா வெட்டினார், அவங்கப்பா வெட்டினார். என் பொண்ணு பென்சில்வேனியாவில இருக்கா, அவ வந்து வெட்டப்போறதில்ல. எனக்கு முடியல. அவ்வளவுதான் விஷயம். மத்தவங்க வேற எதையாவது சொல்லிக்கட்டும்."

எனக்கு அவரை உடனே பிடித்துப்போனது. அதுவரை நான் பார்த்த நில விற்பனைகளில் எல்லாம் யாராவது அழுவார்கள், அல்லது அழுவதுபோல் பேசுவார்கள். இவர் களைத்திருந்தார், அதை அப்படியே சொன்னார்.

தோண்டும் வேலையை நடத்தியவர் ஒரு தொல்லியல் நிபுணர். என்னைவிடச் சில வயது மூத்த, ஒல்லியான பெண்மணி. இரண்டு முழங்கால்களிலும் பட்டை கட்டியிருந்தார். என் முழங்காலும் அந்த வருடம் சொன்னபடி கேட்கவில்லை. எழுந்து நிற்கும்போது இருவரும் ஒரே மாதிரி முனகுவோம்; அதில் ஒரு சிநேகம் வந்தது. சிறிய எந்திரத்தால் மேல்மண்ணை மெல்லிய படலமாக வழித்து எடுப்பார்கள். அந்தச் சிவப்பு மண்ணில் ஓர் இடத்தில் மட்டும் நிறம் மாறி, ஆள் நீளத்துக்கு ஒரு செவ்வகம் தெரியும். அதுதான் குழி. அதற்குப் பிறகு கரண்டியும் தூரிகையும்தான்.

அது மெதுவான வேலை. நான் பெரும்பாலும் நின்றுகொண்டே இருந்தேன். மத்தியானம் டப்பாவில் கொண்டுபோன தயிர்சாதத்தைக் காருக்குள் உட்கார்ந்து சாப்பிடுவேன். பிறகு கிழவரின் பக்கத்தில் போய் நிற்பேன். அவர் கேப்டனைப் பற்றிப் பேசுவார். ஒரேயடியாகச் சொல்ல மாட்டார். கொஞ்சம் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். தூங்கிவிட்டாரோ என்று நினைக்கும்போது மறுபடி தொடங்குவார். அவர் துண்டு துண்டாகச் சொன்னதைச் சேர்த்தால் கதை இப்படி வரும்.

கேப்டனின் தகப்பன் லாங் ஐலண்டிலிருந்து வந்தவர். பிள்ளைகள் அதிகம், நிலம் கொஞ்சம். இளையவனான தனக்கு எதுவும் வராது என்று தெரிந்ததால், கேப்டன் மீசை முளைக்கும் வயதில் ராஜாவின் படையில் சேர்ந்தார். வடக்கே ஏரிக்கரைக் கோட்டைகளில் பிரெஞ்சுக்காரர்களோடு சண்டை. அவர் போய்ச் சேர்ந்த கோட்டை சரணடைந்தது. கைதியாக கனடா வரைக்கும் நடத்திக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தபோது ஊரில் அவரை இறந்தவராக நினைத்திருந்தார்கள். தகப்பன் நிலத்தை அண்ணன்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டிருந்தார். இவர் சண்டை போடவில்லை. நிலம் வைத்திருந்த ஒரு விதவையைக் கல்யாணம் செய்துகொண்டார். அந்த நிலத்தோடு சேர்த்து, பக்கத்தில் விலைக்கு வந்ததையெல்லாம் வாங்கினார். ஓடைக்கு இந்தப் பக்கம் முழுக்க அவருடையதாகும் வரை வாங்கினார்.

"அவருக்கு நிலம் பத்தவே பத்தாது," என்றார் கிழவர். "ஒண்ணுமே இல்லாம வளர்ந்தவங்களுக்கு அப்படித்தான்."

பிறகு ராஜாவுக்கு எதிரான யுத்தம் வந்தது. நாற்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தவரை ஊர்ப்படைக்குக் கேப்டன் ஆக்கினார்கள். யுத்தம் ஜெர்சியைக் குறுக்கும் நெடுக்குமாக மிதித்துக்கொண்டு போன காலம் அது. ஒரு பனிக்காலத்தில் ராஜாவின் படை வந்து அவருடைய களஞ்சியத்துக்குத் தீ வைத்தது. அவரைப் படுக்கையிலிருந்தே இழுத்துக்கொண்டு போனார்கள். வீட்டைக் காட்டிக்கொடுத்தவர் ஓடைக்கு அந்தப் பக்கத்துப் பண்ணைக்காரர். நியூயார்க்கில் சர்க்கரை வைக்கும் ஒரு கிடங்கைச் சிறையாக்கியிருந்தார்கள், அங்கே கிடந்தார். திரும்பி வந்தபோது குளிரில் கால்விரல்கள் போயிருந்தன. இருமல் கடைசிவரை நிற்கவில்லை.

"அந்த பக்கத்து வீட்டுக்காரர் என்ன ஆனார்?" என்று கேட்டேன்.

"என்ன ஆவார்? அங்கேயேதான் இருந்தார். யுத்தம் முடிஞ்சுது, ரெண்டு பேரும் அவங்கவங்க வயலை உழுதாங்க. சாகிற வரைக்கும் ஒரு வார்த்தை பேசிக்கல. ஓடை யாருக்குன்னு மட்டும் கேஸ் போட்டுக்கிட்டே இருந்தாங்க." கிழவர் சிரித்தார். "அப்புறம் பேரப்பிள்ளைங்க கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. நான் ரெண்டு பேர் வம்சத்துக்கும் வாரிசு. காட்டிக்கொடுத்தவரும் எங்க தாத்தாதான், மாட்டிக்கிட்டவரும் எங்க தாத்தாதான்."

கடைசிக் காலத்தில் கேப்டன், வாங்கிய நிலத்தில் பெரும்பகுதியைத் துண்டு துண்டாக விற்றார். பிள்ளைகளில் பலர் மேற்கே போனார்கள். வயதான பிறகு, வாசல் பக்கம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து ஓடையையே பார்த்துக்கொண்டிருப்பாராம். அவர் வீரத்தைப் பற்றிக் குடும்பத்தில் கதை எதுவும் மிஞ்சவில்லை. அவர் இருமலைப் பற்றித்தான் கதை இருந்தது. இரவில் அந்தச் சத்தம் கேட்டு நாய்கள் குரைக்கும் என்று.

கேப்டனின் குழியைத் திறந்த அன்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. எலும்பைப் பார்க்க வேண்டியிருக்குமே என்று. ஆனால் எலும்பே இல்லை. அந்த மண் அமிலம் மிகுந்த புளிப்பு மண்; எல்லாவற்றையும் தின்றுவிட்டிருந்தது. துருப்பிடித்த ஆணிகள் சவப்பெட்டியின் வடிவத்தில் வரிசையாக இருந்தன. அவற்றுக்கு நடுவில் ஆள் உயரத்துக்குக் கறுத்த ஒரு நிழல் மண்ணோடு மண்ணாகப் படிந்திருந்தது. தலை இருந்த இடத்தில் சில பற்கள். அவ்வளவுதான். நிபுணர் அந்தக் கறுத்த மண்ணைக் கரண்டி கரண்டியாக அள்ளி ஒரு மரப்பெட்டியில் போட்டார். சர்ச்சிலிருந்து வந்தவர் தொப்பியைக் கழற்றி நின்றார். கிழவர் எழுந்து வந்து குழிக்குள் எட்டிப் பார்த்தார்.

"இவ்வளவுதானா?" என்றார்.

அவர் திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

சுவருக்கு உள்ளே வேலை முடிந்தது. வெளியே, வடக்குப் பக்கத்தில், புல்லுக்குள் சில சாதாரணக் கற்கள் நட்டிருந்தன. எழுத்து இல்லை, செதுக்கல் இல்லை. வயலில் கிடைக்கும் கல்லைக் கொண்டுவந்து நிறுத்தினால் எப்படி இருக்குமோ அப்படி. முதல் வாரமே நான் அவற்றைப் பார்த்திருந்தேன். கிடங்கு கட்டுபவர்களின் ஆள், வேலை முடிந்ததா என்று பார்க்க வந்தவர், "பண்ணைன்னா கல் இருக்கத்தான் செய்யும். உழும்போது பொறுக்கி ஓரமா போடுவாங்க," என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் மேலே ஒருவர் இருந்தார்.

நான் கிழவரிடம் போய், "அந்தக் கல்லெல்லாம் என்ன?" என்று கேட்டேன்.

அவர் வெகுநேரம் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வேலைக்காரங்கன்னு எங்க தாத்தா சொல்வார்," என்றார். பிறகு, "வேலைக்காரங்க இல்ல. அடிமைங்க," என்றார்.

மீதிக் கதையை அப்போதுதான் சொன்னார். ராஜாவின் படை கேப்டனை இழுத்துக்கொண்டு போன பிறகு, பண்ணையைக் காப்பாற்றியது அவர் அடிமையாக வைத்திருந்த ஒரு மனிதர். பிழைத்த மாடுகளைச் சதுப்புக்குள் ஓட்டிக்கொண்டு போய், பனிக்காலம் முழுக்க அங்கேயே மறைத்து வைத்திருந்தார். கேப்டனின் மனைவியும் குழந்தைகளும் பட்டினி கிடக்காமல் பார்த்துக்கொண்டார். கேப்டன் திரும்பி வந்ததும், உனக்கு விடுதலை தருகிறேன் என்று எல்லோர் முன்னாலும் வாக்குக் கொடுத்தார். அடுத்த அறுவடைக்குப் பிறகு என்றார். அப்புறம் அதற்கடுத்த அறுவடை.

"எங்க வீட்ல இதை விசுவாசத்துக்கு உதாரணமா சொல்வாங்க. மாட்டைக் காப்பாத்தின கதைன்னு. நானும் அப்படித்தான் என் மனைவிகிட்ட சொன்னேன், கல்யாணமான புதுசுல. அவ கேட்டா, 'அப்புறம்? விடுதலை குடுத்தாரா?'ன்னு. நான் அதுவரைக்கும் அதைக் கேட்டதே இல்ல. எங்கப்பாகிட்ட போய்க் கேட்டேன். அவருக்கும் தெரியல. அவரும் கேட்டதில்ல." கிழவர் வடக்குப் பக்கம் கையைக் காட்டினார். "அந்த மனுஷன் அங்கேதான் இருக்கார்னா, குடுக்கலன்னுதான் அர்த்தம்."

நான் நிபுணரிடம் போனேன். அவர் ஏற்கெனவே அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எந்திரத்தைச் சுவருக்கு வெளியே கொண்டுவரச் சொன்னோம். ஒரு படலம் மண்ணை வழித்ததும் செவ்வகங்கள் தெரிந்தன. கற்கள் இருந்ததைவிடச் செவ்வகங்கள் அதிகம். சில மிகவும் சிறியவை. எந்திரம் ஓட்டியவர் இன்ஜினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கினார்.

வேலை நின்றது. மறுபடி கோர்ட், மறுபடி வக்கீல்கள், நாளெல்லாம் போன் கால்கள். வெளியே படுத்திருப்பவர்களுக்காகப் பேச யார் இருக்கிறார்கள் என்று தேடினார்கள். பக்கத்து ஊரில் பழைய கறுப்பின சர்ச் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் இந்தச் சுற்றுவட்டாரப் பண்ணைகளில் அடிமைகளாக இருந்தவர்களின் சந்ததி கட்டிய சர்ச். அதன் பாஸ்டர் வந்தார். அறுபது வயதுப் பெண்மணி. பகலில் மருத்துவமனையில் நர்ஸ். வேலை முடிந்து நேராக வந்திருந்தார், காலில் அந்த வெள்ளை ஷூவோடு.

கிழவரின் சமையலறையில் உட்கார்ந்து பேசினோம். பாதிச் சாமான்களைப் பெட்டியில் கட்டிவிட்டிருந்ததால் ஆளுக்கொரு விதமான கோப்பையில் காபி. கிழவர்தான் முதலில் பேசினார். அதைச் சொல்ல அவர் பல நாளாகத் தயார் செய்திருப்பார் போல.

"சர்ச் மயானத்துல இடம் இருக்கு. எல்லாரையும் ஒண்ணா, கேப்டனுக்குப் பக்கத்திலேயே வைக்கலாம்னு பார்க்கிறேன். நடுவுல சுவர் இல்லாம. செலவு என்னோடது."

அது நல்ல எண்ணம் என்று எனக்குத் தோன்றியது. நிபுணரும் தலையசைத்தார். பாஸ்டர் காபியைக் கீழே வைத்தார்.

"உங்க மனசு புரியுது," என்றார். "ஆனா வேண்டாம். அவருக்கு இவங்க வேலை செஞ்சது போதும். மறுபடியும் கொண்டுபோய் அவர் பக்கத்துல படுக்க வைக்காதீங்க. எங்ககிட்ட குடுங்க."

கிழவரின் முகம் சிவந்தது. கோபம் வரப்போகிறது என்று நினைத்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. பாஸ்டர் எழுந்து போய் அவருக்குப் பக்கத்தில் நின்றார். தொடவில்லை, சும்மா நின்றார். கொஞ்ச நேரம் கழித்துக் கிழவர், "சரி. அதுதான் சரி," என்றார்.

அன்று இரவு கணவரிடம் இதைச் சொன்னபோது, நான் குளித்தேனா என்று அவர் கேட்கவில்லை.

"அந்த மாட்டைக் காப்பாத்தினவர் பேரு என்ன?" என்றார்.

"தெரியல. யாருக்கும் தெரியல."

"ம்..." என்றார். பிறகு, "சாப்பிட்டியா நீ?" என்றார்.

இலையுதிர் காலத்தில் இரண்டு அடக்கங்களும் நடந்தன. கேப்டனுடையது முதலில். சர்ச் வாசலில் கொடி. அந்த யுத்தகாலச் சிப்பாய்களைப் போல நீல உடுப்பும் முக்கோணத் தொப்பியும் போட்ட சிலர் பழைய துப்பாக்கிகளால் வானத்தை நோக்கிச் சுட்டார்கள். ஒரு துப்பாக்கி வெடிக்கவில்லை. மறுபடி மறுபடி முயன்றுவிட்டு அந்த மனிதர் அசடு வழிந்தபடி இறக்கிவிட்டார். கிழவர் கோட்டு போட்டுக்கொண்டு தன் மகளோடு வந்திருந்தார். யாரோ அவரைப் பேசச் சொன்னார்கள். "என்னைவிட இவர் அதிக நாள் இங்கே இருந்தவர்," என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

மற்றது அடுத்த சனிக்கிழமை, பாஸ்டரின் சர்ச் மயானத்தில். பெட்டிகள் வரிசையாக வெள்ளைத் துணி மூடிக் கிடந்தன, சிறியவை முன்னால். பெயர்கள் இல்லாததால் பாஸ்டர் ஒவ்வொரு பெட்டியின் மேலும் கை வைத்து, கூடக் கிடைத்த பொத்தானையும் மணியையும் கொண்டு நிபுணர் யூகித்துச் சொன்னபடி, "மகனே", "மகளே" என்று அழைத்தார். ஆணா பெண்ணா என்று தெரியாத இடத்தில் "பிள்ளையே" என்றார். அந்த ஊர்க்காரர்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். பாட்டு நீண்டது, யாருக்கும் அவசரமில்லை. கிழவர் கடைசி வரிசையில் நின்றிருந்தார். மாட்டைக் காப்பாற்றியவரின் கதையைப் பாஸ்டர் சொன்னார். விசுவாசம் என்ற சொல்லை அவர் எங்கேயும் பயன்படுத்தவில்லை.

பிறகு சர்ச்சின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. நான் சைவம் என்றதும் ஓர் அம்மா தட்டு நிறைய மக்ரோனி சீஸும் சோள ரொட்டியும் வைத்துக் கொடுத்தார். சூடாக இருந்தது. பல நாள் கழித்து யாரோ சமைத்ததை உட்கார்ந்து சாப்பிட்டேன். சாப்பிட்டு முடித்ததும், அப்படியே நாற்காலியில் தூங்கிவிட்டிருக்கிறேன். விழித்தபோது கூடத்தில் பாதி மேஜைகளை மடக்கிவிட்டிருந்தார்கள். என் மேல் யாருடைய கோட்டோ போர்த்தியிருந்தது. வெட்கமாக இருந்தது. பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்த பாஸ்டர், "தூங்குங்க, யாரும் எழுப்பச் சொல்லல," என்றார்.

கிடங்கு எழும்பியது. அந்த வால்நட் மரங்கள் இருந்த இடத்தில் இப்போது லாரிகள் பின்பக்கமாக வந்து நிற்கும் மேடை. கிழவர் பென்சில்வேனியாவுக்கு மகள் வீட்டுக்குப் போனார். ஒரு முறை போனில் பேசினார். அங்கே புல் வெட்ட ஆள் வருகிறார்களாம், ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாராம், அவர்கள் ஒழுங்காக வெட்டுவதில்லையாம். அடுத்த வசந்தத்தில் இறந்துவிட்டார் என்று மகள் செய்தி அனுப்பினார். அவரை அங்கேயே தகனம் செய்துவிட்டார்கள். அவர் விருப்பம் அதுதானாம்.

என் மகள் கல்லூரிக்குப் போனாள். கணவர் இன்னும் இர்விங்கில்தான் இருக்கிறார். வீட்டை விற்பதைப் பற்றி இன்னும் பேசி முடிக்கவில்லை.

போன வருடம் பாஸ்டர் கூப்பிட்டார். தங்கள் மயானத்தில் புதிதாகப் புதைத்த பக்கத்தில் மழை பெய்தால் தண்ணீர் தேங்குகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டார். சனிக்கிழமை காலையில் மேடு பள்ளம் அளக்கும் லெவல் கருவியை எடுத்துக்கொண்டு போனேன். சரிவு தப்பாக இருந்தது. மேலே இருக்கும் பார்க்கிங் தண்ணீரெல்லாம் அந்தப் பக்கம்தான் வந்துகொண்டிருந்தது. வரைந்து கொடுத்தேன். சர்ச்காரர்கள் இரண்டு சனிக்கிழமைகளில் மண்வெட்டியும் சிறிய எந்திரமுமாக ஒரு வாய்க்கால் வெட்டி, ஓரத்தில் புல் விதைத்தார்கள். நான் போய் நின்று, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று சொன்னேன். இப்போது எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் சாலைப் பக்கம் ஓடிவிடுகிறது என்று சொல்கிறார்கள்.